எஞ்சினை மாத்துங்க, கைப்பிடியில கை வெக்காதீங்க

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதனால ரொம்ப நாளா எழுத முடியலை. இன்னிக்கு உட்கார்ந்ததே சண்டை போடத்தான். சண்டை வேற யாரோடயும் இல்லை, நம்ம ஆளுங்களோடதான். டொரோண்டோவுலயோ சிட்னியிலயோ நியூ ஜெர்சியிலயோ பொட்டி தட்டிக்கிட்டு, வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போய், அப்பா அம்மாவோட கம்ப்யூட்டரை ஒரே ராத்திரியில "அப்கிரேடு" பண்ணிட்டு மறுநாள் விமானம் ஏறிடுற பிள்ளைங்களோட.

விஷயம் இதுதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிஞ்சுபோச்சு. அதனால ஊர்ல இருக்கிற வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணொண்ணா விண்டோஸ் 11-க்கு மாறிக்கிட்டு இருக்கு. மாறட்டும், அதுல தப்பில்லை. ஆனா உள்ளே மாறும்போது மூஞ்சியும் சேர்ந்து மாறிடுது. ஸ்டார்ட் பட்டன் இருந்த இடத்துல இல்லை. ரைட் கிளிக் பண்ணினா பாதி மெனுவைக் காணோம். நம்மள மாதிரி சில பேர் உட்கார்ந்து அந்தப் புது சிஸ்டத்துக்குப் பழைய மூஞ்சியை மாட்டிவிடுறோம். அதைப் பார்த்து மத்தவங்க சிரிக்கிறாங்க. "பென்ஸ் வாங்கி மாட்டுவண்டி மாதிரி ஜோடிக்கிறியா?"ன்னு கேட்கிறாங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். ஜோடிக்கிறதுதான் சரி. புது சிஸ்டம் போடுங்க, கட்டாயம் போடுங்க. ஆனா அதை உபயோகிக்கப் போற ஆளோட கை எந்த மூஞ்சிக்குப் பழகியிருக்கோ, அந்த மூஞ்சியை மாட்டிட்டு அப்புறம் விமானம் ஏறுங்க. இது பழசு மேல இருக்கிற பாசமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ஒரு மனுஷன் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டதை அவன்கிட்ட கேட்காம பிடுங்கக் கூடாதுன்னு சொல்றேன், அவ்ளோதான்.

நம்ம ஊர் பாலகாட். கோலார் தங்கவயல்னு சொன்னா முன்னெல்லாம் "எங்க இருக்கு?"ன்னு கேப்பாங்க, இப்ப கே.ஜி.எஃப்.-னு சொன்னா எல்லாருக்கும் தெரியுது, சினிமா புண்ணியம். 1880-ல ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து இறங்கி, 2001 பிப்ரவரி 28-ல பாரத் கோல்டு மைன்ஸ் இழுத்து மூடின ஊர். வட ஆற்காடு, சேலம், தர்மபுரின்னு பல பக்கத்துலேர்ந்து பொழைக்க வந்த தமிழ் சனம் லைன் வீடுகள்ல தலைமுறை தலைமுறையா இருந்துட்டோம். வீடு பாலகாட்டுல, அப்பாவுக்கு வேலை நந்திதுர்க் மைன்ஸ்ல, வைண்டிங் எஞ்சின் டிரைவர்.

அந்த வேலை என்னன்னு தெரியாதவங்களுக்கு: சுரங்கத்துக்குள்ள ஆளை இறக்குற கேஜை ஒரு பெரிய டிரம்முல சுத்தின இரும்புக் கயிறு தாங்கும். அந்த டிரம்மை ஓட்டுறவர் வைண்டிங் டிரைவர். அவருக்கு ஷாஃப்ட்டும் தெரியாது, கேஜும் தெரியாது, அதுக்குள்ள நிக்கிற ஆளும் தெரியாது. அவர் முன்னாடி இருக்கிறது ஆழம் காட்டுற முள், கையில லீவர், காலுக்கோ கைக்கோ பிரேக், காதுல மணி. கீழேர்ந்து எத்தனை மணி வருதோ அதுக்குத் தகுந்த மாதிரி ஏத்தணும், இறக்கணும், நிறுத்தணும். ஆயிரக்கணக்கான அடி ஆழத்துல, லெவலுக்கு நேரா, ஆள் தடுக்கி விழாம இறங்குற மாதிரி கேஜை நிறுத்துறது முழுக்க முழுக்கக் கைப்பழக்கம்.

மைன்ஸ் மூடினப்புறம் எங்க ஊர்ல பாதிப்பேர் மாதிரி நானும் விடிகாலை ரயில்ல பெங்களூர் போய் ராத்திரி திரும்புற ஆள் ஆனேன். 2004-ல அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன், விண்டோஸ் எக்ஸ்பி. அவர் அதை எப்படிக் கத்துக்கிட்டார் தெரியுமா? ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொண்ணையும் தமிழ்ல எழுதி வெச்சார். முதல் பக்கம் முதல் வரி: "இடது கீழ் மூலை. பச்சைப் பட்டன். அமுக்கவும்." அடுத்த வரி என்ன வரும், அதுல எத்தனாவது, எல்லாம் வரிசையா. எஞ்சின் ரூம்ல வேலை கத்துக்கிட்ட அதே முறை. ஆறு மாசத்துல நோட்டைப் பார்க்காமலே ஓட்ட ஆரம்பிச்சார். அப்புறம் லைன்ல யாருக்கு மனு எழுதணும்னாலும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. வீட்டு விஷயம், பென்ஷன் விஷயம், பாக்கி விஷயம்னு மைன்ஸ் மூடின ஊர்ல மனுவுக்குப் பஞ்சமே இல்லை. ஒத்தை விரல்ல தட்டுவார், ஆனா தப்பில்லாம தட்டுவார். நடுவுல சிஸ்டம் ரெண்டு தடவை மாறுச்சு. மூலையும் பட்டனும் அங்கேயே இருந்ததால அவர் கண்டுக்கவே இல்லை.

போன வருஷம் பழைய மெஷின் படுத்துடுச்சு. ஊர்ல ஒரு கடைக்காரர் புதுசு ஒண்ணு கொண்டுவந்து வெச்சு, ஆன் பண்ணிக் காட்டிட்டு, "எல்லாம் லேட்டஸ்ட் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அப்பா நோட்டுப்படி இடது கீழ் மூலையை அமுக்கினா, அங்க வெயில் எத்தனை டிகிரின்னு போட்டிருக்கு. அமுக்கினதும் யாரோ நடிகை கல்யாணச் செய்தி திரை முழுக்க விரியுது. போன்ல கேட்டார்: "இன்னாடா இது, மூலையில இருந்த பட்டன எங்கடா எடுத்துனு போய்ட்டாங்க?" நடுவுல இருக்குப்பான்னு சொன்னேன். "ஏன்?"ன்னு கேட்டார்.

மக்களே, இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அந்த "ஏன்"னுக்கு என்கிட்ட ஒழுங்கான பதில் இல்லை. உங்ககிட்ட இருக்கா?

ரெண்டு வாரம் அந்தக் கம்ப்யூட்டர் மேல துணி போத்தி வெச்சிருந்தார். மனு எழுத வந்தவங்க ராபர்ட்சன்பேட்டை கடைக்குப் போய்ப் பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்தாங்க. சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு தீர்ப்பு சொன்னாங்க: "பெரியவருக்கு வயசாயிடுச்சு, இனிமே புதுசெல்லாம் ஏறாது."

எனக்குக் கோபம் வந்தது இங்கதான். ஆயிரக்கணக்கான அடி கீழே நிக்கிற கேஜை மணிச் சத்தத்தை வெச்சே நிறுத்தின ஆளுக்கு மூளை ஏறாதா? அவர் கத்துக்கிட்டது அப்படியே இருக்கு, நோட்டும் இருக்கு. மூலையை நகர்த்தினவன் வேற யாரோ, பழி மட்டும் கிழவர் தலையில. வீட்டுல இருக்கிற அடுப்பை ராத்திரியோட ராத்திரியா மாடிக்கு மாத்தி வெச்சிட்டு, காலையில "அம்மாவுக்குச் சமைக்க மறந்துபோச்சு"ன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?

நான் இங்கேர்ந்தே என் தம்பி முறை ஆகுற பையன் ஒருத்தனை உட்கார வெச்சு, அரை மணி நேரம் போன்ல சொல்லச் சொல்ல, புது சிஸ்டத்துக்குப் பழைய மூஞ்சியை மாட்டினோம். நோட்டோட முதல் வரி மறுபடியும் உண்மையாச்சு (பட்டன் பச்சை இல்லை, நீலம், அதைப் பேனாவால திருத்திக்கிட்டார்). மறுநாளே மனு.

இப்ப நம்ம அதிமேதாவிங்க வாதத்துக்கு வருவோம்.

"பழசுக்குத் திரும்புறது தொழில்நுட்பத்துக்கே விரோதம்"கிறாங்க. சரித்திரம் தெரியாதவன் பேச்சு இது. 1995-ல விண்டோஸ் 95 வந்து ஸ்டார்ட் பட்டனையே உலகத்துக்கு அறிமுகப்படுத்தினப்போ, அதுக்கு முன்னாடி இருந்த ப்ரோகிராம் மேனேஜரையும் உள்ளேயே வெச்சுக் கொடுத்தாங்க, பழசு வேணும்கிறவன் அதையே ஓட்டிக்கலாம்னு. 2001-ல எக்ஸ்பி அந்த நீலமும் பச்சையுமான வேஷத்துல வந்தது. அதுலயும் கிளாசிக் மெனு, கிளாசிக் தோற்றம்னு பழைய மூஞ்சியை ரெண்டு கிளிக்ல எடுத்துக்கலாம். விஸ்டாவுலயும் இருந்தது. 2009-ல விண்டோஸ் 7 வந்தப்போ கிளாசிக் மெனு போச்சு, ஆனா கிளாசிக் தோற்றம் மிச்சம் இருந்தது. ஆக, பழைய மூஞ்சியைக் கேட்கிறது ஏதோ கிறுக்கங்க கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. அந்தக் கம்பெனியே பதினேழு வருஷம் கையில எடுத்துக் கொடுத்த மரியாதை அது.

2012-ல விண்டோஸ் 8 வந்தது. கிளாசிக் தோற்றமும் போச்சு, ஸ்டார்ட் பட்டனே போச்சு. என்ன ஆச்சு? ஊர் சிரிச்சது. ஐவோ பெல்ட்சேவ்னு ஒருத்தர் 2009-லேர்ந்தே இலவசமா கொடுத்துவந்த கிளாசிக் ஷெல்லைத் தேடி சனம் ஓடுச்சு. ஸ்டார்டாக்னு ஒரு கம்பெனி, காணாமப் போன அந்த ஒரு பட்டனைத் திருப்பிக் கொடுக்க 5 டாலருக்கு மென்பொருள் வித்தது. பட்டனைப் பிடுங்கினதாலேயே ஒரு வியாபாரம் பொறந்தது மக்களே! அடுத்த வருஷம் 8.1-ல பட்டன் திரும்பி வந்தது, 2015-ல விண்டோஸ் 10-ல மெனுவும் திரும்பி வந்தது. பாடம் படிச்சாங்களா? 2021-ல விண்டோஸ் 11. டாஸ்க்பாரை மேலயோ பக்கவாட்டுலயோ நகர்த்துற வசதியை எடுத்துட்டாங்க. ஒவ்வொரு ஜன்னலையும் பேரோட தனித்தனியா காட்டுற வசதியையும் எடுத்துட்டாங்க. சனம் கத்தினப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு, 2023-ல, அந்தப் பேர் காட்டுற வசதியைத் "புது வசதி"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தாங்க. என்ன கொடுமை சார் இது?

லினக்ஸ்காரங்க மட்டும் யோக்கியமான்னு கேட்காதீங்க. 2011-ல க்னோம் 3 வந்து எல்லாத்தையும் தலைகீழாக்கினப்போ அங்கேயும் இதே கூத்துதான். ஆனா அங்க ஒரு நல்லது: கதவு திறந்திருந்தது. அர்ஜென்டினாக்காரர் ஒருத்தர் பழைய க்னோமை எடுத்து மாட்டே (மேட் இல்லை, ஒரு மூலிகை டீயோட பேர்) ஆக்கினார். லினக்ஸ் மின்ட்காரங்க புது எஞ்சின் மேலேயே பழைய அமைப்பைக் கட்டி சின்னமன்னு பேர் வெச்சாங்க. ரெண்டும் இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.

அதைவிடப் பெரிய சாட்சி நம்ம தமிழ்லயே இருக்கு. இங்க ஸ்கார்பரோவுல எங்க அடுக்குமாடியில ஒரு ஈழத்துப் பெரியவர் இருக்கிறார். பாமினி எழுத்துருவுல தட்டியே பல வருஷம் பழகின கை. பாமினி, டிஸ்கி, டாப், டாம்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு குறியாக்கம் வெச்சிருந்த காலம் போய் யூனிகோட் வந்தப்போ, உள்ளே இருந்தது மொத்தமும் மாறிப்போச்சு. நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க? "எல்லாரும் இன்னிலேர்ந்து தமிழ்99-ல தட்டுங்க, முடியாதவன் வீட்டுக்குப் போ"ன்னு சொன்னாங்களா? இல்லை. ஈ-கலப்பையிலயும் என்.எச்.எம். ரைட்டர்லயும் தமிழ்99-ஐயும் வெச்சாங்க, பாமினியையும் வெச்சாங்க, டைப்ரைட்டர் பழகினவங்களுக்கு அதையும், அம்மான்னு இங்கிலீஷ் எழுத்துல தட்டுறவனுக்கு அதையும் வெச்சாங்க. எந்தக் கட்டையை அமுக்கினாலும் வெளியே வர்றது அதே யூனிகோட். அந்தப் பெரியவர் விரல் ஒரு அங்குலம்கூட நகரலை, ஆனா அவர் எழுதுறதை இன்னிக்கு உலகம் முழுக்கப் படிக்கலாம், தேடலாம். தமிழ் இணையத்துல இவ்வளவு பேர் எழுத வந்ததுக்கு அந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம்னு அடிச்சுச் சொல்வேன். சில்லறைக் காசு இல்லாம ஆர்வலர்கள் செஞ்சதைக் கோடி கோடியா வெச்சிருக்கிற கம்பெனியால செய்ய முடியாதா?

அடுத்த வாதம்: "புதுசு கத்துக்கிட்டா மூளைக்கு நல்லதுதானே?" நல்லதுதான். அப்ப அப்பாவுக்குப் புதுசா ஏதாவது செய்யக் கத்துக் கொடுங்க. வீடியோவுல பேரனைப் பார்க்க, ரயில் டிக்கெட் போட, பழைய போட்டோவை ஸ்கேன் பண்ண. அது கல்வி. ஏற்கெனவே செய்யத் தெரிஞ்ச ஒண்ணையே வேற மூலையில போய்ச் செய்யச் சொல்றது கல்வி இல்லை, அலைக்கழிப்பு. தாலுக்கா ஆபீஸ்ல ஜன்னலுக்கு ஜன்னல் அனுப்புவாங்களே, அந்த ஜாதி.

மூணாவது வாதம்தான் உண்மையிலேயே கனமானது: பாதுகாப்பு. இதுல நான் எதிர்க்கட்சி பக்கம். "எனக்கு எக்ஸ்பி போதும், செவனு போதும்"னு பழைய சிஸ்டத்தையே கட்டிக்கிட்டு அழுறவங்களுக்கு என் ஆதரவு கிடையாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லயே ஆதரவு முடிஞ்சது, செவனுக்கு 2020 ஜனவரி 14-ல. 2017 மே மாசம் வான்னாக்ரை வந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளையே முடக்கினது ஞாபகம் இருக்கில்ல? ஓட்டை அடைக்காத சிஸ்டத்துல பென்ஷன் கணக்கைத் திறக்கிறது, கயிறு இத்துப்போன கேஜ்ல ஆளை இறக்குற மாதிரி.

ஆனா கவனிங்க, பாதுகாப்பு இருக்கிறது உள்ளே. ஸ்டார்ட் பட்டன் நடுவுல இருந்தா வைரஸ் வராதுன்னு எந்தப் புண்ணியவானும் சொல்லலை. பாதுகாப்பைக் காட்டி மூஞ்சியைத் திணிக்கிறது, மருந்தோட சேர்த்து வேண்டாததையும் தலையில கட்டுற வியாபாரம். சிவசமுத்திரத்துலேர்ந்து கம்பி இழுத்து 1902-லயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துச்சு. நீராவி போச்சு, மோட்டார் வந்தது, கயிறு மாறுச்சு, பிரேக் மாறுச்சு. மணிக் குறிப்பை மட்டும் எவனும் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. எத்தனை மணிக்கு என்ன அர்த்தம்னு 1961-ஆம் வருஷ உலோகச் சுரங்க விதிகள்லயே எழுதி வெச்சிருக்கு. ஏன்னா அந்த மணி எஞ்சினோட பாகம் இல்லை, அது மனுஷனுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற வாக்கு. அதை மாத்தினா ஆள் சாவான். கம்ப்யூட்டர்ல யாரும் சாகப் போறதில்லைதான். ஆனா வாக்கு வாக்குதானே?

சரி, திட்டினது போதும். லீவுல ஊருக்குப் போறவங்க செய்ய வேண்டியது, அரை மணி வேலை:

1. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் போங்க. டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்ல அலைன்மென்ட்டை லெஃப்ட்னு வெச்சா ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்கு வந்துடும். அதே பக்கத்துல விட்ஜெட்ஸை அணைங்க, அந்த வெயிலும் நடிகையும் தொலையட்டும். பட்டன்களைச் சேர்க்காதேன்னு 'நெவர்' கொடுத்தா ஜன்னல் எல்லாம் பேரோட தெரியும்.

2. பெர்சனலைசேஷன்ல தீம்ஸுக்குள்ள டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ் இருக்கு. 'கம்ப்யூட்டர்'னு ஒரு கட்டம் இருக்கும், டிக் பண்ணுங்க. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல ஃபைல் எக்ஸ்ப்ளோரர் 'திஸ் பிசி'யில திறக்கிற மாதிரி மாத்துங்க.

3. ரைட் கிளிக்குல பழைய மெனு வேணும்னா 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்', இல்லைன்னா ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அமுக்கணும். இதை நோட்டுல எழுதிக் கொடுங்க.

4. எழுத்தைப் பெருசாக்குங்க: செட்டிங்ஸ்ல ஆக்சஸபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ். இது கண்ணாடி போட்ட எல்லாருக்கும்.

5. பழைய மெனுவே வேணும்னா ஓப்பன்-ஷெல். 2017-ல கிளாசிக் ஷெல்லை நிறுத்தினப்புறம் ஆர்வலர்கள் அதையே இந்தப் பேர்ல இலவசமா நடத்துறாங்க. அவங்க சொந்தப் பக்கத்துலேர்ந்து மட்டும் இறக்குங்க, கண்ட இடத்துல கைவைக்காதீங்க. பெரிய அப்டேட் வந்தா இந்த மாதிரி மென்பொருள் சில சமயம் மக்கர் பண்ணும். அதனால முதல்ல சிஸ்டத்துலயே இருக்கிற வசதியால முடிஞ்சதைச் செய்யுங்க, மிச்சத்துக்கு மட்டும் இது.

6. பழைய மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாதுன்னா (டிபிஎம் 2.0 இல்லாததெல்லாம் அந்த லிஸ்ட்தான்) தூக்கிப் போடாதீங்க. லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க. மெனு பட்டன் இடது கீழ் மூலையில, தானாவே.

7. வால்பேப்பர்! எக்ஸ்பியோட அந்தப் பச்சை மேடு கலிஃபோர்னியாவுல எடுத்த போட்டோ. எங்க அப்பாவுக்கு அது இன்னிக்கும் ஊட்டி. அதையும் போட்டுக் கொடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டோம் :-)

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். மைக்ரோசாஃப்ட்டைத் திட்டுறது சுலபம். ஆனா இந்த மாதிரி மூலையை நகர்த்துற வேலையை உலகம் முழுக்கச் செய்யறது யாரு? நீங்களும் நானும் நம்ம டீமும்தான். பேங்க் ஆப்புல, ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல, ரயில் டிக்கெட் பக்கத்துல "இந்த வருஷம் லுக் மாத்தணும்"னு மீட்டிங்ல சொன்னா, தலையாட்டிட்டு வந்து கோடு அடிக்கிறது நாமதான். உள்ளே செஞ்ச வேலை எவன் கண்ணுக்கும் தெரியாது, மூஞ்சியை மாத்தினாத்தான் மேனேஜருக்குக் காட்ட ஒரு படம் கிடைக்கும், அதனாலதான் இத்தனை மாத்தம். அடுத்த மீட்டிங்ல கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பழசுக்கு ஒரு வழி விட்டிருக்கோமா?" கேட்கிறதுக்குக் காசு இல்லை. மூஞ்சி சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

நீங்க நகர்த்துற ஒவ்வொரு பட்டனுக்கும் எங்கேயோ ஒரு நாப்பது பக்க நோட்டு இருக்கு. அதுல ஒரு வரி பொய்யாகுது.

டிஸ்கி: "எனக்குப் புது லுக்தான் பிடிச்சிருக்கு"ன்னு சொல்றவங்க தாராளமா வெச்சுக்கோங்க. உங்க கம்ப்யூட்டர், உங்க இஷ்டம். அப்பாவோடது அப்பா இஷ்டம்.